பால்வாடி ஆயா: ஒரு வேலை பழகின கதை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆணி அதிகம், மன்னிக்கணும் மக்களே. இன்னிக்கும் சும்மா வரல, ஒரு பஞ்சாயத்தோட வந்திருக்கேன்.

2025 ஏப்ரல்ல தமிழ்நாடு முழுக்க அங்கன்வாடிகள்ல 7,783 காலியிடம்னு அறிவிப்பு வந்தது ஞாபகம் இருக்கும். பணியாளர் 3,886, குறு அங்கன்வாடி பணியாளர் 305, உதவியாளர் 3,592. அந்தச் செய்தி வந்த வாரமே திண்டிவனத்துல இருந்து என் அக்கா பொண்ணு போன் பண்ணா.

"மாமா, உதவியாளர் வேலைக்கு எழுதிப் போடலாம்னு இருக்கேன். அப்பா திட்டுறாரு. நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன்."

பொண்ணுக்கு 22 வயசு. பன்னெண்டாவது பாஸ். பணியாளர் வேலைக்கு 25 வயசு ஆகியிருக்கணும், அதனால இப்போதைக்கு உதவியாளர்தான் வழி. மாசம் 4,100 ரூபாய் தொகுப்பூதியம். ஒரு வருஷம் கழிச்சுத்தான் சிறப்பு காலமுறை ஊதியம். அதே நேரத்துல சென்னையில ஒரு ஜவுளிக்கடையில ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் போட்டு இதைப் போல மூணு மடங்கு தர்றேன்னு கூப்பிடறான். மச்சான் கோபத்துல நியாயம் இருக்கு இல்லீங்களா?

உண்மையச் சொல்லணும்னா நானும் அவர் கட்சிதான். "ஏம்மா, குழந்தைக்குச் சோறு ஊட்டி கழுவி விடறதுக்கா பன்னெண்டாவது படிச்ச?"ன்னு கேட்டுட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஆயா அந்த வேலைதானே பண்ணுச்சு?"ன்னா. சுருக்னு இருந்தது.

அவ சொன்ன ஆயா என் பெரியம்மா. இங்கே ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

1982, மயிலம் பக்கத்துல ஒரு ஊர்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், எங்க ஊர்ல பாட்டியையும் ஆயான்னுதான் கூப்பிடுவோம். பால்வாடியில இருக்கறவங்களும் ஆயாதான். ரெண்டாவது ஆயா போர்ச்சுகீசிய மொழியில இருந்து வந்த சொல். அவங்க மொழியில 'ஐயா'ன்னா பிள்ளை வளர்க்கிற பெண். வெள்ளைக்கார துரைகள் வீட்டுல குழந்தை பாத்துக்கிட்டு, கப்பல்ல அவங்களோடவே இங்கிலாந்து வரைக்கும் போன நம்ம நாட்டுப் பெண்களுக்கும் அதான் பேர். போன இடத்துல சில பேரைக் கைவிட்டுட்டுப் போயிடுவாங்க. அந்த மாதிரி பெண்கள் தங்குறதுக்கு லண்டன்ல 'ஆயா இல்லம்'னே ஒண்ணு இருந்தது. ஹாக்னி பகுதியில அது இருந்த கட்டிடத்துக்கு 2022லதான் நினைவுப் பலகை வச்சாங்க.

ஆக, பிள்ளை வளர்க்கறதைச் சம்பளத்துக்குப் பண்ற வேலை நமக்குப் புதுசு இல்ல. அதுக்கு மரியாதை கொடுக்கறதுதான் புதுசு.

பெரியப்பா மல்லாட்டைக் கொல்லையில பாம்பு கடிச்சுப் போய்ச் சேர்ந்தப்ப பெரியம்மாவுக்கு 28 வயசு. கையில ரெண்டு பசங்க. அஞ்சாவது வரைக்கும் படிப்பு. அந்த வருஷம்தான், 1982 ஜூலை 1ஆம் தேதி, எம்.ஜி.ஆர். திருச்சி பக்கத்துல பாப்பாக்குறிச்சியில சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும் இல்ல, 2 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் இருக்கற குழந்தைகளுக்கும் ஊர் ஊரா குழந்தைகள் நல மையம் வந்தது. மையத்துக்கு ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு ஆயா. விதவைகளுக்கும் ஆதரவு இல்லாத பெண்களுக்கும் இந்த வேலையில முன்னுரிமை. பெரியம்மா ஆயாவா சேர்ந்தாங்க.

அதுக்கு முன்னாடி எங்க ஊர்ல குழந்தை வளர்ந்த விதம் என்னன்னா, அம்மா களை எடுக்கப் போறப்ப கொல்லை ஓரத்து வேப்பமரத்துல பழைய புடவையால ஏணை கட்டிக் குழந்தையைப் போடுவாங்க. ஏழெட்டு வயசு அக்காக்காரி ஒருத்தி காவலுக்கு உக்காந்திருப்பா. அந்த அக்காக்காரிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பால்வாடி வந்ததும் சின்னதுக்குச் சோறு கிடைச்சது. அந்தப் பெரிய பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் கிடைச்சது. இந்த ரெண்டாவது லாபத்தை யாரும் பெருசா பேசறதில்ல.

அங்கன்வாடிங்கற பேரு எங்கிருந்து வந்தது?

மருமகளுக்குப் பதில் சொல்றதுக்காகவே கொஞ்சம் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப கண்ணுல பட்டது. இந்த வேலையோட சரித்திரத்துல எங்க தோண்டினாலும் ஒரு விதவைப் பெண் இருக்காங்க.

1912ல சென்னை எழும்பூர்ல சகோதரி சுப்புலட்சுமி நாலு இளம் விதவைகளைத் தன் வீட்டுலயே வச்சுப் படிக்க வச்சார். அவரும் பால்ய விதவைதான். அந்த விடுதி வளர்ந்து பிறகு ஐஸ் ஹவுஸுக்குப் போச்சு. அங்க படிச்ச பெண்கள் ஆசிரியைகளா வெளிய வந்தாங்க.

அந்தப் பக்கம் குஜராத் பாவ்நகர்ல கிஜுபாய் பதேகா 1920ல பால மந்திர் ஆரம்பிக்கிறார். வக்கீல் தொழிலை விட்டுட்டு வந்த ஆளு. குழந்தைகளை அடிக்காம, கதை சொல்லிப் பழக்கணும்னு நின்னவர். அவர்கிட்ட வேலை பழகினவர் தாராபாய் மோடக். தாராபாய் 1945ல மகாராஷ்டிரத்துல போர்டிங்கற கிராமத்துல குழந்தைகள் மையம் தொடங்கறார். அங்க அவர்கிட்ட வந்து சேர்ந்தவர் அனுதாய் வாக். பதிமூணு வயசுல கல்யாணம், ஆறே மாசத்துல விதவை.

போர்டியில மையம் திறந்தா சேரிப் பிள்ளைகளும் ஆதிவாசிப் பிள்ளைகளும் வரல. தாராபாயும் அனுதாயும் 'வராதவங்க வரவேண்டாம்'னு விடல. சாமானைத் தூக்கிக்கிட்டு அந்தத் தெருவுக்கே போனாங்க. வீட்டு முற்றத்துல உக்காந்து குழந்தைகளைக் குளிப்பாட்டி, தலை வாரி, பாட்டுச் சொல்லிக் கொடுத்தாங்க. 'அங்கன்'னா முற்றம். முற்றத்துல நடந்த பள்ளி அங்கன்வாடி ஆச்சு. பிறகு கோஸ்பாட்டுக்குப் போய், மாடு மேய்க்கற பிள்ளைகளுக்கு மேய்ச்சல் காட்டுலயே பள்ளி நடத்தினாங்க. கிஜுபாய்கிட்ட தாராபாய், தாராபாய்கிட்ட அனுதாய். பக்கத்துல நின்னு பாத்துப் பழகினதுதான் இந்த வேலை.

நம்ம பக்கத்துக் கதை ஒண்ணும் இருக்கு. 1939 கடைசியில மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து வகுப்பு எடுத்தாங்க. இந்தியா முழுக்க இருந்து சுமார் 300 பேர் வந்து உக்காந்தாங்க. அம்மையார் இத்தாலியில பேசுவாங்க, மகன் மரியோ இங்கிலீஷ்ல சொல்லுவார். 1940ல இத்தாலி யுத்தத்துல குதிச்சதும் வெள்ளைக்கார சர்க்கார் மரியோவைக் காவல்ல வச்சது. ஆகஸ்ட் 31, அம்மையாரோட எழுபதாவது பிறந்த நாளுக்குத்தான் மகனை விட்டாங்க. சில மாசத்துக்குன்னு வந்தவங்க 1946 வரைக்கும் இங்கயே இருந்தாங்க, கொடைக்கானல்லயும் கொஞ்ச காலம். ஆனா அந்த வித்தை பெரும்பாலும் காசு கட்டிப் படிக்கற பள்ளிகளுக்குள்ள போய் அடைஞ்சுக்கிச்சு. மயிலம் பக்கம் வரல.

ஊருக்கு வந்தது இன்னொரு வழியில. சின்னக் குழந்தைகளோட வளர்ச்சி பத்தி ஆராய மத்திய அரசு ஒரு குழு போட்டது. தலைவர் மீனா சுவாமிநாதன். எம்.எஸ்.சுவாமிநாதனோட மனைவின்னு பல பேருக்குத் தெரியும். இலக்கியம் படிக்கற நம்ம மக்களுக்கு இன்னொரு அடையாளம் சொல்றேன், 'வாசவேச்வரம்' எழுதின கிருத்திகாவோட மகள். சோறும் மருந்தும் விளையாட்டும் தனித்தனி இல்ல, ஒரே இடத்துல சேர்ந்து கிடைக்கணும்ங்கறது அந்தக் குழுவோட யோசனை. அதுல இருந்து வளர்ந்ததுதான் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம். 1975 அக்டோபர் 2ல நாடு முழுக்க 33 இடத்துல மட்டும் சோதனையா ஆரம்பிச்சது. இன்னிக்கு தமிழ்நாட்டுல மட்டும் 54,439 மையம்.

எடை போடற வித்தை

1980ல உலக வங்கிக் கடன்ல தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்னு ஒண்ணு வந்தது. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்துலதான் முதல்ல ஆரம்பிச்சாங்க. 6 மாசத்துல இருந்து 36 மாசம் வரைக்கும் இருக்கற குழந்தைகளை மாசா மாசம் எடை போடணும். குழந்தை எத்தனை கிலோங்கறது மட்டும் கணக்கு இல்ல, போன மாசத்தைவிட ஏறியிருக்கா இல்லையாங்கறதுதான் கணக்கு. ஏறலைன்னா 90 நாளைக்குத் தனியா சத்து உருண்டை.

அதுக்கு ஆள் எடுத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உள்ளூர்ப் பொண்ணா இருக்கணும். ஏழையா இருந்தும் தன் பிள்ளைகளை நல்லா வளர்த்தவங்களா இருந்தா விசேஷம். சர்டிபிகேட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி பிள்ளையைப் பாத்தாங்க!

எங்க ஊருக்கு எடை போடற பழக்கம் பிற்பாடுதான் வந்தது. பெரியம்மா சொன்னதை அப்படியே தர்றேன்:

"மொத மாசம் ஒருத்தியும் புள்ளையத் தரல. தராசுல போட்டா கண்ணு படும்னாளுங்க. விட்டத்துல தராசு தொங்குது, டீச்சர் நோட்டோட நிக்கிறாங்க, ஒரு புள்ள கூட இல்ல. நான் என்ன பண்ணேன், உங்க அண்ணன் பையன மொத ஆளா தூக்கிப் போட்டேன். அதப் பாத்து ஒண்ணு ஒண்ணா வந்துச்சுங்க."

டீச்சர் புள்ளி வைப்பாங்க. அஞ்சாவது படிச்ச பெரியம்மா பக்கத்துல நின்னு பாத்துப் பாத்து, கோடு மேல போகுதா படுத்துக்கிச்சான்னு தானே சொல்ற அளவுக்கு வந்தாங்க. படுத்துக்கிட்டா சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போவாங்க. மாமியார் என்ன சொல்றா, அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போறா, குழந்தைக்கு ராத்திரி பேதி இருந்துச்சா, எல்லாம் கேப்பாங்க. இதெல்லாம் எந்தப் பயிற்சி மையத்துல சொல்லித் தருவாங்க?

அப்ரண்டிஸ்னா ஆம்பளைக்கு மட்டுமா?

விழுப்புரம் ரயில்வே ஊரு. எங்க சொந்தத்துல ரெண்டு பேர் பொன்மலை பட்டறையில அப்ரண்டிஸா இருந்தவங்க. ஒருத்தர் பஸ் டிப்போவுல. 1961லயே அப்ரண்டிஸ் சட்டம் வந்தாச்சு. இத்தனை மாசம் பழகணும், இவ்வளவு உதவித்தொகை, முடிச்சா பரீட்சை, சர்டிபிகேட். போல்ட் முடுக்கக் கத்துக்கிட்டவரை ஊரே 'அப்ரண்டிஸ் முடிச்சவர்'னு மரியாதையா சொல்லும். பொண்ணு குடுக்கும்.

நாப்பது குழந்தைகளைச் சமாளிக்கக் கத்துக்கிட்டவங்களுக்கு என்ன பேர்? ஆயா. இப்போ உதவியாளர்.

இங்கிலாந்துல 1892லயே எமிலி வார்டுங்கற அம்மா குழந்தை வளர்ப்புக்குன்னு நார்லண்ட் நிறுவனத்தைத் தொடங்கிட்டாங்க. இன்னிக்கு அங்க ஒரு பொண்ணு இந்த வேலைக்கு வரணும்னா, ஒரு நர்சரியில சம்பளத்தோட அப்ரண்டிஸா சேர்ந்து, வேலை பாத்துக்கிட்டே படிச்சு, மதிப்பீடு முடிச்சு, குழந்தைக் கல்வியாளர்னு தகுதி வாங்கலாம்.

நம்மகிட்டயும் இதே ஏணி இருக்கு, யாரும் அப்ரண்டிஸ்னு கூப்பிடறதில்ல, அவ்வளவுதான். 2022 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி அங்கன்வாடி பணியாளர் இடத்துல பாதியை, 5 வருஷ அனுபவம் உள்ள உதவியாளர்களைக் கொண்டு நிரப்பணும், தகுதி இருந்தா. மேற்பார்வையாளர் இடத்துல பாதி, அதே மாதிரி 5 வருஷம் பார்த்த பணியாளர்களுக்கு. 2020 தேசியக் கல்விக் கொள்கையில பன்னெண்டாவது முடிச்ச பணியாளர்களுக்கு 6 மாசச் சான்றிதழ்ப் படிப்பு, அதுக்குக் கீழ படிச்சவங்களுக்கு ஒரு வருஷ டிப்ளமோன்னு எழுதியிருக்கு. அந்தக் கொள்கையில மத்ததுல உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் சண்டை இருக்கலாம். இது நல்ல விஷயம்னுதான் எனக்குப் படுது.

ஆனா ஏணி இருந்தா மட்டும் போதுமா? 2019 ஜனவரியில தமிழ்நாட்டுல நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடிகள்ல எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பிச்சாங்க. உபரியா இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்க அனுப்பினாங்க. எங்களைக் கீழ இறக்கறீங்கன்னு போராட்டம், கோர்ட்டு, கேஸு. நாங்க பழகினது ஒண்ணாங்கிளாஸுக்கு மேலன்னு அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா 'கீழ'ங்கற அந்த ஒரு வார்த்தை இருக்கே, அதான் என்னை உறுத்துது. மூணு வயசுக் குழந்தைக்குச் சொல்லித் தர்றது எப்பய்யா கீழ போச்சு?

சம்பளத்துல கீழதான், அதை மறைக்க வேண்டாம். 1975ல திட்டம் ஆரம்பிச்சப்ப மெட்ரிக் முடிச்ச பணியாளருக்கு மாசம் 150 ரூபாய், முடிக்காதவங்களுக்கு 100, உதவியாளருக்கு 35. அதுக்குப் பேர் சம்பளம் கிடையாது, மதிப்பூதியம். சேவை செய்றவங்களாம்! 2006 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் கர்நாடகா வழக்கு ஒண்ணுல, இவங்க அரசுப் பதவி வகிக்கிறவங்க இல்லன்னு சொல்லிடுச்சு. பதினஞ்சு வருஷம் கழிச்சு, 2022 ஏப்ரல் 25ல, குஜராத்ல இருந்து போன வழக்குல நீதிபதிகள் அஜய் ரஸ்தோகியும் அபய் ஓகாவும், அங்கன்வாடி பணியாளருக்கும் உதவியாளருக்கும் 1972 பணிக்கொடைச் சட்டம் பொருந்தும்னு தீர்ப்பு கொடுத்தாங்க. மதிப்பூதியம்னு பேர் வச்சா அது கூலி இல்லன்னு ஆயிடாதுன்னு ஆச்சு. பெரியம்மா அதுக்குப் பல வருஷம் முன்னாடியே ரிடையர் ஆயிட்டாங்க.

புளியங்கொட்டை

இவ்வளவையும் படிச்சு முடிச்சுட்டு ஒரு சனிக்கிழமை ரயில் ஏறினேன். மருமகளையும் கூட்டிக்கிட்டு மயிலத்துல இறங்கிப் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். மச்சானும் வேண்டா வெறுப்பா வண்டியில வந்தார்.

நேரம் பாத்து பக்கத்து வீட்டுல ஒரு மூணு வயசு வாண்டு. அம்மா கடைக்குப் போயிட்டா போல, வாசல்ல நின்னு வீல்னு அழுவுறான். மருமக ஓடிப்போய்த் தூக்கப் பாத்தா. அவன் இன்னும் சத்தமா கத்தி, அவ கையில கடிச்சே வச்சுட்டான். :-)

பெரியம்மா சிரிச்சாங்க. "தெரியாத ஆளு தூக்குனா கடிக்காம கொஞ்சுவானா? விடு அவன."

உள்ள போய் ஒரு கிண்ணத்துல புளியங்கொட்டை கொண்டு வந்தாங்க. எங்க ஊர்ல புளிக்கா பஞ்சம்? திண்டிவனங்கற பேரே புளியங்காடுங்கற அர்த்தத்துல வந்ததுன்னுதான் சொல்லுவாங்க. பையனைத் திரும்பியே பாக்காம, அவனுக்கு முதுகைக் காட்டித் திண்ணையில உக்காந்தாங்க. கொட்டைகளை வரிசையா அடுக்கறாங்க. ரெண்டு, மூணு, அஞ்சு... நடுவுல வேணும்னே ஒண்ணைத் தப்பா வைக்கறாங்க. அழுகை கொஞ்சம் குறைஞ்சது. மறுபடி அடுக்கறாங்க, மறுபடி தப்பு. அஞ்சு நிமிஷம் இருக்கும். வாண்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டே வந்து பக்கத்துல குந்தி, தப்பா இருந்த கொட்டையை எடுத்துச் சரியா வச்சான்.

பெரியம்மா அவனைப் பாக்காமலே மருமககிட்ட சொன்னாங்க, "அழுவுற புள்ளைக்கு ஆறுதல் சொல்லாத. வேல குடு. இத எனக்கு யாரும் சொல்லித் தரல, நானா கண்டுபுடிக்க ரெண்டு வருசம் ஆச்சு. உனக்கு ஒரே நாள்ல குடுத்துட்டேன் பாரு."

மச்சான் ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அத்த, இந்த வேலையில அந்தக் காலத்துல மாசம் எவ்ளோ குடுத்தான்?"னு கேட்டார். பெரியம்மா பதில் சொல்லல. "உம் பொண்டாட்டி அந்தப் பால்வாடியிலதான்டா வளந்தா"ன்னாங்க.

விண்ணப்பம் போட்டாச்சு. முடிவு யார் கையில இருக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிடைக்கலைன்னா ஜவுளிக்கடைதான்னு மச்சான் இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கார். 4,100 ரூபாய்ல ஒரு வருஷம் ஓட்டறது லேசு இல்லங்கறதும் நிஜம். பொன்மலையில போல்ட் முடுக்கினவருக்கு ஊர் குடுத்த மரியாதையில பாதியாவது இவளுக்குக் குடுத்தா அந்த ஒரு வருஷம் ஓடிடும். முதல்ல நான் கேட்ட அந்தக் கேள்விக்கு மருமககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். "பரவால்ல மாமா"ன்னா. கடிச்ச இடத்தைத் தடவிக்கிட்டே.

உங்க ஊர் பால்வாடி ஆயா யாருன்னு ஞாபகம் இருக்கா? பேர் ஞாபகம் இருக்கா? யோசிச்சுப் பாருங்க. எனக்கு எங்க டீச்சர் பேர் ஞாபகம் இருக்கு, வாயில சோறு ஊட்டின இன்னொரு ஆயா பேர் வரவே மாட்டேங்குது.

டிஸ்கி: பெரியம்மாவுக்கு இந்தப் பதிவைப் படிச்சுக் காட்டினேன். "சோறு கொழைய வேகணும்னு எழுதுனியா?"ன்னு கேட்டாங்க. எழுதல. இதோ எழுதிட்டேன்.